ஊன்றாத கால்

பேஸ்பால் மேல் அணியிலிருந்து டோபின் வோண்ட்ராசெக்கைக் கீழ் அணியான நாரைகளுக்கு இறக்கி அனுப்புகிறார்கள் என்ற செய்தி அவனுடைய அக்கா அடேலாவுக்கு அலுவலக மின்னஞ்சலில்தான் வந்தது. 'வலக்கையால் பந்து எறியும் பிட்சர். வயது இருபத்தேழு. பந்தின் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. காரணம் பார்க்கவும்.' அவ்வளவுதான் செய்தி. காரணம் பார்ப்பது அடேலாவின் வேலை.

அயோவாவில், மிசிசிப்பி ஆறு வளைந்து திரும்பும் ஒரு சின்ன ஊரில் நாரைகள் அணியின் ஆட்டக்களம் இருந்தது. பார்வையாளர் படிகளுக்கு அடியில், முன்பு சோடாப் பெட்டிகள் அடுக்கியிருந்த நீள அறையை அவளுக்காக ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அறையின் ஒரு கோடியில் களத்தில் இருப்பதைப் போலவே மண்ணால் எழுப்பிய எறிமேடு. பின்கால் உதைக்கும் இடத்தில் ஒன்று, முன்கால் வந்து விழும் இடத்தில் ஒன்று என்று இரண்டு இரும்புத் தட்டுகளை அதற்குள் புதைத்திருந்தார்கள். யார் எவ்வளவு பலமாக மிதிக்கிறார்கள் என்பது உடனே கோடாகத் திரையில் எழும். சுவரெல்லாம் கேமராக்கள். பந்து எறிய வருகிறவனின் மூட்டுகளில் மினுங்கும் பொட்டுகளை ஒட்டிவிட்டால், அவன் உடம்பு எந்த நொடியில் எப்படித் திரும்பியது என்று கேமராக்கள் சொல்லிவிடும்.

அணி மேலாளர் முன்கூட்டியே கேட்டார். "உன் தம்பிங்கிறதால சங்கடமா இருக்குமா அடேலா? வேற ஆளப் பாக்கச் சொல்லட்டுமா?"

"அந்த ரூமுக்குள்ள அவன் ரெண்டு கால், ஒரு இடுப்பு. அவ்வளவுதான்" என்றாள் அவள்.

சொன்னபோது நம்பித்தான் சொன்னாள். உள்ளுக்குள் சந்தோஷமும் இருந்தது. கல்லூரி முடித்த நாளிலிருந்து டோபின் ஊர் ஊராகப் பேருந்திலும் மலிவான விடுதிகளிலும் கிடந்தான். கிறிஸ்துமஸுக்குப் பார்த்துக்கொண்டால் உண்டு. இப்போது அவளுடைய வீட்டிலேயே, கூடத்து சோபாவில் படுத்துக்கொள்ளப்போகிறான். அவன் வருவதற்கு முன்பே, அவனுக்குப் பிடித்த ஆப்ரிகாட் வைத்த கொலாச் ரொட்டி சுட்டு மேசையில் மூடிவைத்தாள். இதெல்லாம் அவளுக்கு வழக்கமே கிடையாது.

மே மாதத்து வெயிலில் இரண்டு பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு அவன் அறைக்குள் வந்தான். ஆறடி மூன்றங்குலம். அம்மாவின் மூக்கு, இறந்துபோன அப்பாவின் காது.

"புரொபசர்! எங்க என் கைக்கு வைத்தியம்?"

"உன் கைய யாருடா கேட்டா? கை ஒண்ணுமே பண்றதில்ல. கால்தான் எல்லாம் பண்ணுது. கை கடைசியில வந்து பேரை வாங்கிக்கிட்டுப் போகுது."

"நம்ம வீட்டுல என்னை மாதிரி" என்று சிரித்தான் டோபின்.

பர்ல் ஸ்டாம்பர் வாசற்படியில் சாய்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தார். பிட்சர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், டென்னஸிக்காரர். எதையும் குத்திப் பேசித்தான் சொல்லுவார். அடேலாவின் கேமராக்களை முதல் வருஷம் 'ஒட்டடை' என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் வருஷம் அவற்றைக் கேட்காமல் ஒரு முடிவும் எடுப்பதில்லை.

டோபின் எறிந்தான். இடக்காலை நெஞ்சுவரை தூக்கி, வலக்காலால் மேட்டை உதைத்து, நீளமாக முன்னால் பாய்ந்து, இடக்காலை ஊன்றி, இடுப்பு சுழல, தோள் சுழல, கை வீசியது. எதிர்ச்சுவரில் கட்டியிருந்த வலையில் பந்து போய் மோதியது. திரையில் கோடுகள் எழுந்தன. அவள் பார்த்தாள், மறுபடி எறியச் சொன்னாள், மறுபடியும் பார்த்தாள்.

"என்ன?" என்றான் டோபின்.

"தர்பூசணி ஏத்தின பிக்கப்பு எழுபது மைல் வேகத்துல போகுது. திடீர்னு பிரேக் போட்டா என்ன ஆகும்?"

"அப்பா இருந்தா பெல்ட்ட கழட்டுவார்."

"பழம் என்ன ஆகும்டா?"

"முன்னாடி பறக்கும்."

"உன் இடுப்புக்குக் கீழ இருக்கிறது வண்டி. தோளும் கையும் பந்தும் பழம். முன்கால் தரையத் தொட்டதும் முட்டி நிமிர்ந்து உடம்பச் சட்டுனு நிறுத்தணும். கீழ நின்னாத்தான் மேல இருக்கிறது பறக்கும். உன் வலக்கால் நல்லாத்தான் உதைக்குது. குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இடக்கால் நிக்கல. விழுந்த பிறகும் முட்டி மடங்கிக்கிட்டே போகுது. பிரேக் இல்லாத வண்டி மாதிரி உருண்டு உருண்டு போற நீ."

பர்ல் விதைத் தோலைத் துப்பிவிட்டு அருகே வந்தார். "பயம்" என்றார். "முட்டி போனவங்கள நிறையப் பாத்துட்டான். கால முழுசா ஊன்றதுக்கு மனசு வரல. தம்பி, நம்ம தொப்பியில ஒரு நாரை நிக்குதே, பாத்தியா? அது ஒத்தக்கால்ல நிக்குது. அதோட கால் சுள்ளிக் குச்சி. அதுக்குப் பயம் இல்ல, உனக்கென்ன?"

"அது பந்து எறியறதில்ல கோச்" என்றான் டோபின்.

அறையே சிரித்தது. அடேலாவும் சிரித்தாள்.

பயம் என்று அவள் நினைக்கவில்லை. பழக்கம் என்று நினைத்தாள். பாய்ச்சல் நீளமாக இருக்கிறது, பாதம் அரை விரற்கடை தள்ளி விழுகிறது, அதனால் முட்டிக்கு நிமிர நேரம் கிடைக்கவில்லை. பழக்கம் என்றால் மாற்றிவிடலாம். பாய்ச்சலைக் குறைத்தாள். பெட்டியிலிருந்து குதித்து ஒற்றைக்காலில் அசையாமல் நிற்கவைத்தாள். கனமான பந்தை மார்போடு அணைத்து முன்னால் பாய்ந்து, ஊன்றிய நிலையிலேயே உறையச் சொன்னாள். பர்ல் தன் பங்குக்கு அவனை எடைப் பயிற்சிக்கூடத்துக்குத் துரத்தினார். தோளில் இரும்பு ஏற்றி உட்கார்ந்து எழுவது, படியிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்குவது. டோபின் எதற்கும் முணுமுணுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவன் சோம்பேறி என்று யாரும் சொன்னதில்லை.

வேகம் ஏறவில்லை. போன வருஷம் தொண்ணூற்றைந்து மைலில் எறிந்தவன். நாரைகளுக்கு வந்தபோது தொண்ணூறு. ஜூன் முடியும்போது எண்பத்தெட்டு. அந்த வேகத்தை மட்டையாளர்கள் காலை உணவைப்போலச் சுலபமாக விழுங்கி, அடித்துத் தள்ளினார்கள். அவன் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் யோனியல், வெனிசுவேலாக்காரன், ஒவ்வொரு ஆட்டம் முடிந்தபின்னும் அவன் தோளில் கைபோட்டு, "டோபி, உன் பந்து என் கையுறையில சத்தமே போட மாட்டேங்குது. கோவிச்சுக்கிட்டிருக்கா என்கூட?" என்பான். கேலிதான். ஆனால் அவன் கண் கேலி செய்யவில்லை.

ஒரு நாள் அறையில் அடேலாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நீ முழுசா மிதிக்கல."

"மிதிக்கிறேன்."

"கோடு வேற சொல்லுது. போன மாசத்தைவிடக் கம்மியா இருக்கு. இவ்வளவு பயிற்சிக்கப்புறம் எப்படிடா கம்மியாகும்?"

"எனக்கென்ன தெரியும்? நீதான் புரொபசர்."

"விளையாடாத டோபின்."

"நான் விளையாடல அடேலா" என்றான். காலில் ஒட்டியிருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த ஞாயிறு ஆட்டம் இல்லை. காலையில் அடேலா முட்டையும் பன்றிக்கறியும் பொரித்துக்கொண்டிருந்தாள். டோபின் அரைக்கால் சட்டையோடு குளியலறையிலிருந்து வந்து சோபாவில் விழுந்தான்.

"உன் வீட்டுக் குழாய்ல துரு வருதா?"

"இல்லையே. ஏன்?"

"சும்மாத்தான்."

"சும்மா யாரும் குழாயப் பத்திக் கேக்க மாட்டாங்க."

அவன் கூரையைப் பார்த்தான். "ஒண்ணுக்குப் போனா கோலா நிறத்துல போகுது. தினமும் இல்ல. பர்ல் இரும்பு தூக்கச் சொல்ற நாளுக்கு மறுநாள் மட்டும். தண்ணி பத்தலன்னு நினைச்சேன். அப்புறம் உன் வீட்டுக் குழாய்ன்னு நினைச்சேன். உன் மேல பழி போடறது சுலபமா இருந்துச்சு."

அடேலா அடுப்பை அணைத்தாள். தசை உடைந்து கரைந்தால் அந்த நிறம் வரும் என்று அவள் படித்திருக்கிறாள். கொளுத்தும் வெயிலில் ஓடி மயங்கி விழுந்தவர்களுக்கு வரும். நன்றாகத் தேறிய ஆட்டக்காரனுக்கு, வழக்கமான பயிற்சிக்கு, வரக்கூடாது.

"எழுந்து வா" என்றாள்.

அவன் எழுந்தான். அப்போதுதான் அவள் பார்த்தாள். வலக்கை சோபாவின் கைப்பிடியைப் பிடித்தது. இடக்கை தொடைமேல் அழுந்தியது. தொடையைக் கையால் அமுக்கி, அதன்மேல் உடம்பைத் தூக்கிவைப்பதுபோல எழுந்தான். இரண்டு மாதமாக அவன் அப்படித்தான் எழுகிறான். களைப்பு என்று நினைத்திருந்தாள். வெறும் காலையும் இப்போதுதான் பார்த்தாள். அறையில் எப்போதும் கால் முழுக்க மூடும் இறுக்கமான கறுப்புக் காற்சட்டை போட்டிருப்பான். கேமராக்கள் மூட்டுகளைத்தான் பார்க்கும், சதையைப் பார்க்காது. இடத்தொடை வலத்தொடையைவிட மெலிந்திருந்தது. முட்டிக்கு மேலே, பிட்சர்களுக்குக் கெட்டியாகத் திரண்டிருக்கவேண்டிய இடத்தில், யாரோ கட்டைவிரலால் அழுத்திவிட்டதுபோலக் குழி விழுந்திருந்தது.

மேல் அலமாரிக்கு ஏறும் சின்ன முக்காலியை இழுத்துப்போட்டாள். "இடக்கால வெச்சு ஏறு. கையத் தொடையில வைக்கக்கூடாது."

"இதென்ன புதுப் பயிற்சியா?"

"ஏறுடா."

காலை வைத்தான். உடம்பு மேலே வரவில்லை. சிரித்துக்கொண்டே, "தூங்கி எழுந்த கால்" என்றான். மறுபடி முயன்றான். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள மறந்துவிட்டாள்.

"என்ன அது அடேலா?"

"தெரியல."

"உனக்குத் தெரியாதது ஒண்ணு உண்டா?"

"தெரியலடா" என்றாள்.

பேஸ்பால் ஆடுகிற வீட்டில் பிறந்த எல்லோருக்கும் ஒரு பழைய ஆட்டக்காரரின் பெயரால் அழைக்கப்படும், சில வருஷத்தில் உயிரையே எடுத்துவிடும் நோயைத் தெரியும். தசை மெலிகிறது என்றாலே முதலில் அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும். பல்கலைக்கழக மருத்துவமனையில் ரத்தம் எடுத்து, ஊசி குத்தி நரம்பைச் சோதித்து, தொடையைப் படம் எடுத்து, கடைசியில் மரபுச் சோதனைக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருந்த வாரங்களில், அந்தப் பெயரை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஊர்ப் பேச்சு பேசினார்கள். யார் யாருக்குக் கல்யாணம், மக்காச்சோளம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது, அம்மா பழைய நாயை என்ன செய்யப்போகிறாள்.

டாக்டர் லிண்ட்க்விஸ்ட் சுற்றிவளைக்காதவர். அந்த நோய் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டார். டோபின் மூச்சை விட்டான். அடேலா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"இது வேற. தசை மெலியிற நோய்கள்ல மெதுவான வகை. பொறக்கும்போதே உடம்புல எழுதியிருக்கும். இருபதுக்கு மேலதான் தலைகாட்டும். பெரும்பாலும் தொடையிலதான் ஆரம்பிக்கும், ஒரு கால்ல அதிகமா, இன்னொண்ணுல கம்மியா. உயிருக்கு ஆபத்து இல்ல. நிறைய வருஷம் நடமாடலாம். அப்புறம் தடி தேவைப்படும். ஐம்பது வயசுக்கு மேல சக்கர நாற்காலி தேவைப்படலாம், படாமலும் போகலாம்."

"மருந்து?" என்றாள் அடேலா.

"இப்போதைக்கு இல்ல. நடங்க, நீந்துங்க. ஆனா பெரிய கனம் தூக்கக்கூடாது. அந்தத் தசை உடைஞ்சா நம்ம தசை மாதிரி திரும்பக் கட்டிக்காது."

டோபின் தன் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே தரையைப் பார்த்தான். அவளுக்கு அது புரிந்தது. எல்லா நாளும் பெட்டியிலிருந்து குதிக்கவைத்தது அவள்தான்.

"எங்கிருந்து வந்துச்சு?" என்றான்.

"அம்மாகிட்டயிருந்து பாதி, அப்பாகிட்டயிருந்து பாதி. ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொண்ணு இருந்திருக்கும். ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணும் செய்யாது, அவங்களுக்கே தெரியாது. உங்களுக்கு ரெண்டும் வந்துடுச்சு." டாக்டர் அடேலாவின் பக்கம் திரும்பினார். "நீங்களும் சோதிச்சுப் பாத்துக்கறது நல்லது."

அவள் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு இல்லை. அந்தச் செய்தி வந்த மதியம், கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். வெளியே வந்து சொன்னபோது டோபின், "நல்லது. நம்ம வீட்டுல படியேற ஒரு ஆளாவது வேணும்ல" என்றான். எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டான். அவள்தான் அழுதாள். ஆறுதல் சொல்லவேண்டியவள் அவள், சொன்னது அவன்.

அணிக்குச் சொல்லியாகிவிட்டது. ஆகஸ்டோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக முடிவாயிற்று. பர்ல் அடேலாவின் அறைக்கு வந்து, உட்காராமல், தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"பயம்னு சொன்னேன் அவன."

"நான் பழக்கம்னு சொன்னேன்" என்றாள் அடேலா.

"கடைசியா ஒரு இன்னிங்ஸ் எறியணும்னு கேக்கிறான்."

"வேணாம் பர்ல். முழு வேகத்துல ஊன்றப்ப கால் மடங்கினா முட்டி கிழிஞ்சிடும்."

"நான் சொல்லிட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? 'போகட்டும் கோச், அத எதுக்குப் பத்திரமா வெச்சுக்கப்போறேன்'னான்." பர்ல் தொப்பியை மாட்டிக்கொண்டார். "நீ வேணா அவன்கிட்ட சொல்லிப் பாரு."

அவள் சொல்லிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டம். ஆற்றுப் பக்கமிருந்து காற்றே இல்லை. நாரைகள் பெரிய வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருந்ததால் பாதிக் கூட்டம் எழுந்துபோயிருந்தது. மிச்சப்பேர் ஹாட்-டாக் ரொட்டியும் பீரும் வாங்கிக்கொண்டு நிழல் பக்கம் நகர்ந்திருந்தார்கள். அடேலா தன் அறையில் இருக்கவில்லை. ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு படிகளில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவதில், களத்தோரக் கதவைத் திறந்துகொண்டு டோபின் மேட்டுக்கு வந்தான். மெதுவோட்டம் ஓடி வருவதுதான் வழக்கம். அவன் நடந்து வந்தான்.

முதல் மட்டையாளன் பந்தை மேலே தூக்கியடித்தான், பிடித்துவிட்டார்கள். யோனியல் முகமூடிக்குள்ளிருந்து கத்தினான். அடுத்தவனுக்குப் பந்துகள் விலகிப்போயின. அவன் மட்டையை எறிந்துவிட்டு, பந்து விலகியதற்கு விதிப்படி, அடிக்காமலே களத்து மூலையிலிருந்த முதல் தளத்துக்கு நடந்தான். அடேலாவுக்குக் கோடுகள் தேவைப்படவில்லை. ஒவ்வொரு எறிதலிலும் முட்டி எவ்வளவு தாழ்கிறது என்று வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மூன்றாமவனுக்கு, டோபின் காலைத் தூக்கினான். பழைய உயரம். வலக்கால் உதைத்தது, பழைய உதை. முன்னால் பாய்ந்தான். இடக்கால் தரையில் பட்டது.

நிற்கவே இல்லை. நனைந்த அட்டையைப்போல மடிந்தது. பந்து எங்கோ போய் வேலியில் மோதியது. டோபின் மேட்டின் சரிவில் முகம் குப்புற விழுந்து கிடந்தான்.

கூட்டம் சிரித்தது. கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். வாழைப்பழத் தோலில் வழுக்கியவனைப் பார்த்து வரும் சிரிப்பு. அடேலாவின் பின்னாலிருந்து ஒருவர், "தூங்கணும்னா வீட்டுக்குப் போடா ராசா!" என்று கத்தினார். பக்கத்திலிருந்தவள் அவர் கையில் செல்லமாகத் தட்டினாள்.

டோபின் எழவேண்டும். முதலில் நாலு காலில் நின்றான். பிறகு வலக்காலை மடக்கி ஊன்றினான். கைகளைத் தன் முட்டிமேல் வைத்து, பிறகு தொடைமேல் வைத்து, தன்மேல் தானே ஏறுவதுபோல மெள்ள மெள்ள எழ ஆரம்பித்தான். அந்த நேரத்தில் யோனியல் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தான். கை கொடுக்கவில்லை. டோபினுக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவில், நெஞ்சுக் கவசமும் அகலத் தோளுமாக முதுகைக் காட்டி நின்றுகொண்டான். கையுறையால் வாயை மறைத்து, ஏதோ திட்டம் பேசுகிறவனைப்போலத் தலையை ஆட்டி ஆட்டிப் பேசினான். டோபின் நிமிர்ந்து முடிக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தான்.

பின்னொரு நாள் அடேலா அவனைக் கேட்டாள், அன்று என்ன பேசினாய் என்று. "ஒண்ணுமில்ல. எங்கம்மா பண்ற கோழிச் சாறு எப்படிச் செய்யறதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். வேற எதுவும் வாயில வரல" என்றான்.

பர்ல் மேட்டுக்கு நடந்தார். பந்துக்காகக் கையை நீட்டினார். டோபின் அதைக் கையிலேயே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். அங்கங்கே சிலர் கைதட்டினார்கள். புது பிட்சர் வருகிறான் என்று ஒலிபெருக்கி உற்சாகமாகப் பெயர் சொன்னது.

மறுநாள் காலை அவன் அவளுடைய அறைக்கு வந்தான். மேட்டின்மேல் ஏறவில்லை, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"மேல் அணியில இருந்தப்ப நான் எறிஞ்சத எடுத்த படம் உன்கிட்ட இருக்குமா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது."

இருந்தது. திரையில் ஓட்டினாள். ஆள் இல்லை, மூட்டுகளைக் கோடுகளால் இணைத்த எலும்புருவம் மட்டும். முகம் இல்லாவிட்டாலும் அவன் நடையைப் போலவே அவன் எறிதலும் தெரிந்தது. கால் உயர்ந்தது, உதைத்தது, பாய்ந்தது. முன்கால் தரையைத் தொட்டதும் முட்டி கம்பி மாதிரி நிமிர, அதன்மேல் இடுப்பு சுழன்றது, இடுப்பின்மேல் தோள், தோளுக்கு வெளியே கை. கீழே ஓடிய கோடு உடம்பின் எடையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எகிறித் தணிந்தது.

"அழகா இருக்குல்ல?" என்றான் டோபின்.

"ரொம்ப."

"அப்ப எனக்குத் தெரியாது அது அழகா இருக்குன்னு. எறிஞ்சேன், அவ்வளவுதான்." மறுபடி போடச் சொன்னான். அதன்பிறகும் ஒரு முறை. பிறகு, "அணைச்சிடு" என்றான். அவள் அணைத்தாள். அணைந்த திரையில் இருவர் முகமும் தெரிந்தன. அவன் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கால் கம்மியாகுதுன்னு நீ சொன்ன அன்னைக்கே எனக்கு ஏதோ தெரிஞ்சுது அடேலா. நீ சரி பண்ணிடுவன்னு நினைச்சுச் சும்மா இருந்துட்டேன்."

அவன் அவள் தலையில் லேசாகத் தட்டிவிட்டு எழுந்தான், கையைத் தொடையில் வைத்து. "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ கூட வராத. நீ வந்தா முகத்தப் பாத்ததும் கண்டுபிடிச்சிடுவா."

அன்று சாயங்காலம் அம்மா அழைத்தாள். கரோல் வோண்ட்ராசெக் தொலைபேசியில் நீட்டி முழக்குகிறவள் அல்ல. வானிலை, உடம்பு, சரி வைக்கிறேன் என்று முடித்துவிடுவாள். அன்று வானிலையைக் கேட்கவில்லை.

"அவன் சொல்லிட்டான்" என்றாள்.

"ம்."

"நானும் அப்பாவும் குடுத்ததாமே அது."

"அப்படி இல்லம்மா. உங்களுக்கே தெரியாம..."

"மூக்கு என்னோடது, காது அவரோடதுன்னு பொறந்த அன்னைக்குச் சொல்லிச் சிரிச்சோம். இதையும் சேத்துக் குடுத்தோம்னு யாருக்குத் தெரியும்? உங்கப்பா போய்ச் சேந்துட்டார். அவருக்குத் தெரியாமலே போச்சு. அதுவரைக்கும் நல்லது."

"அம்மா..."

"உனக்கு?"

அந்தக் கேள்வி வரும் என்று அடேலாவுக்குத் தெரியும். பதில் கையிலேயே இருந்தது.

"எனக்கு இல்லம்மா."

மறுமுனையில் அம்மா அழ ஆரம்பித்தாள். தன் வாழ்நாளில் அடேலா அந்த அழுகையைக் கேட்டதில்லை, அப்பாவின் அடக்கத்தில்கூட. மகளுக்கு இல்லை என்ற நிம்மதியா, மகனுக்கு இருக்கிறதே என்ற துக்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது.

அடேலா வேலையை விடவில்லை. விடலாமா என்று யோசித்தாள். விட்டால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றும் யோசித்தாள். செப்டம்பரில் ஆட்டக்காலம் முடிந்தது. யோனியல் ஊருக்கு விமானம் ஏறினான். பர்ல் டென்னஸிக்குப் போகும் முன் டோபினைப் பார்க்க, அவன் திரும்பிப்போயிருந்த குடும்பப் பண்ணைவரை வண்டி ஓட்டிக்கொண்டு போனதாகவும், இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து சீட்டாடியதாகவும், பேஸ்பாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்றும் அம்மா சொன்னாள்.

நவம்பர் கடைசியில், நன்றி நாள் விருந்துக்கு அடேலா ஊருக்குப் போனாள். டோபின் தானியக் கிடங்கில் லாரி எடைபோடும் அறையில் உட்கார்ந்து செய்கிற வேலையில் சேர்ந்திருந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். வான்கோழியை அவன்தான் அறுத்தான். அம்மாவைச் சிரிக்கவைத்தான், அத்தையைச் சிரிக்கவைத்தான், கால்பந்தாட்டத்தைப் போட்டுவிட்டு வாய் ஓயாமல் எல்லோரையும் திட்டினான். அடேலாவிடம் மட்டும் அளவாகவே பேசினான். கோபமென்று சொல்ல முடியாது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவன் பார்வை ஒரு நொடி எங்கோ போய்விட்டு வந்தது.

விருந்துக்குப்பின் கோழிக்குத் தீனி போட இருவரும் கிளம்பினார்கள். முந்தின நாள் பெய்த பனி கெட்டிப்பட்டுக் கிடந்தது. டோபின் கதவருகே சாய்த்து வைத்திருந்த தடியை எடுத்துக்கொண்டான். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டாள். அவன் முன்னால் போகட்டும் என்று வழக்கப்படி ஒதுங்கி நின்றாள்; விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம். அவன் இரண்டு அடி வைத்தான். நின்றுவிட்டான். திரும்பாமலே சொன்னான்.

"முன்னாடி போ அடேலா."

"வழுக்குது. நான் பின்னாடி..."

"முன்னாடி போ. பின்னாடி நின்னு என் காலப் பாக்காத."

அவள் அவனைத் தாண்டி நடந்தாள். கோழிகள் இருந்த களஞ்சியம்வரை சமதரைதான், ஒன்றும் தூரமில்லை. காற்று முகத்தில் அறைந்தது. வாளி தொடையில் இடித்தது. பின்னால் பனி நொறுங்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது, ஒன்று அழுத்தமாக, அடுத்தது இழுத்துக்கொண்டு, நடுவில் தடி. எவ்வளவு எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று சத்தத்தை வைத்தே அவளுக்குச் சொல்லத் தெரியும். காதைப் பொத்திக்கொள்ளக் கை காலியாக இல்லை. ஒரு இடத்தில் சத்தம் நின்றது. அவளும் நின்றாள். திரும்பவில்லை. ஆற்றைப்போல நீண்டுகிடந்த வெள்ளை வயலைப் பார்த்துக்கொண்டு, அவன் மறுபடி நடக்க ஆரம்பிக்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.